காந்தத் துளைப்பொறி: பிடிப்பும் காப்பும்

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள் மாலை, காத்தோங் வட்டாரத்தில் தஞ்சோங் காத்தோங் தென்சாலையின் ஒரு பகுதி திடீரென உள்வாங்கிற்று. அவ்வழியே வந்த கார் ஒன்று ஓட்டுநரோடு பள்ளத்தில் வீழ்ந்தது. அருகிலிருந்த பணிக்களத்துத் தொழிலாளர்கள், தமிழரான மேற்பார்வையாளர் ஒருவரின் தலைமையில் ஓடிவந்தனர். பள்ளத்துள் இறங்காமல், மேலிருந்தே நைலான் கயிற்றை விட்டு, காரோட்டிய பெண்மணியைச் சில நிமிடங்களில் மேலேற்றினர். தாங்கும் என்று நம்பிய நிலம் கைவிட்டது, கயிறு காத்தது.

ஒரு பிடிப்பு கைவிடும்போது மற்றொரு பிடிப்பு இருத்தல் வேண்டும். இவ்வுண்மையைக் கட்டுமானத் தொழிலில் வழங்கும் கருவி ஒன்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்கருவி காந்தத் துளைப்பொறி.

பொறியின் தேவை

காத்தோங் வட்டாரத்தின் நிலத்தடியில் அமைந்த காத்தோங் பார்க், தஞ்சோங் காத்தோங் ரயில் நிலையங்கள் 2024ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் திறக்கப்பெற்றன. இத்தகைய ஆழ்ந்த அகழ்வுகளில், பக்கச் சுவர்கள் சரியாதபடி எஃகு உத்திரங்களைக் குறுக்கே முட்டுக்கொடுப்பது வழக்கம். பாலமாயினும் உயர்ந்த கட்டடமாயினும் எஃகை எஃகோடு இணைக்கப் போல்ட்டு வேண்டும். போல்ட்டுக்குத் துளை வேண்டும். பெரும்பாலான துளைகளைப் பட்டறையிலேயே இட்டுவிடுவர். ஆயினும் அளவு மாறியபோதும், புதிதாக ஓர் உறுப்பைச் சேர்க்க நேர்ந்தபோதும், களத்திலேயே துளையிட வேண்டிவரும். டன் கணக்கான உத்திரத்தைப் பொறியிடம் கொண்டுசெல்ல இயலாது. பொறிதான் உத்திரத்திடம் செல்ல வேண்டும். அவ்வாறு சென்று, உத்திரத்தையே தன் மேசையாகக் கொண்டு அதனைப் பற்றி நின்று துளைப்பதே இப்பொறியின் சிறப்பு.

தொழிற்களத்தில் இதனை ‘மேக்னட் டிரில்’ என்பர். துளையிடும் கருவிக்குத் தமிழில் பெயரில்லாமல் இல்லை. தச்சர் கையாளும் துரப்பணமும் தமரூசியும் பழம்பெயர்களே. காந்தத்தால் பற்றித் துளைப்பதாகலின் இதனைக் காந்தத் துளைப்பொறி என்போம்.

அமைப்பு

பொறியின் அடியில் இருப்பது மின்காந்தம். 1825ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் என்பார், வளைந்த இரும்பின்மேல் கம்பியைச் சுற்றி மின்சாரம் செலுத்தி, 7 அவுன்ஸ் எடையுள்ள அவ்விரும்பைக்கொண்டு 9 இராத்தல் எடையைத் தூக்கிக் காட்டினார். அதே தத்துவமே இங்கும் தொழிற்படுகிறது. மின்சாரம் ஓடும்வரை காந்தம். நின்றால் வெறும் இரும்பு.

காந்தத்தின்மேல் ஒரு தூண் நிற்கிறது. தூணில் மோட்டார் மேலும் கீழும் நழுவிச் செல்லும். மோட்டாரின் நுனியில் கட்டர் பொருத்தப்படுகிறது. இஃது உள்ளீடற்ற வளையம் போன்றது. விளிம்பில் பற்கள் உண்டு. துளையின் பரப்பு முழுவதையும் சீவாமல் ஓரத்தை மட்டும் சீவி, நடுவே எஃகை ஒரு வில்லையாக விட்டுவிடும். 50 மில்லிமீட்டர் துளைக்கு, வளையத்தின் தடிப்பு 4 மில்லிமீட்டர் எனக் கொள்வோமாயின், சீவ வேண்டிய எஃகு மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. ஆகவேதான் சிறிய பொறி பெரிய துளையை விரைவில் இடுகிறது.

பிடிப்பு தளர்வது எவ்வாறு?

காந்தத்தின் இழுவிசை காந்தப் பாய்வின் இருமடியைப் பொறுத்தது. பாய்வு பாதியாயின், பிடிப்பு பாதியன்று, காலே எஞ்சும். இக்கணக்கை உளங்கொண்டால் பின்வரும் எச்சரிக்கைகளின் காரணம் தானே விளங்கும்.

தகடு மெலிந்ததாயின் பாய்வு செல்லப் போதிய இரும்பில்லை, பிடிப்பு குறையும். பொதுவாக 10 அல்லது 12 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிப்பே ஏற்றதென்பர். ஒவ்வொரு பொறிக்கும் உரிய அளவைக் கையேட்டில் காண்க. மெலிந்த தகடாயின், காந்தம் அமரும் இடத்திற்கு நேர் கீழே மற்றொரு தடித்த தகட்டை இறுக்கிச் சேர்க்கலாம். பூச்சு, துரு, சீவல் ஆகியன இடையில் இருந்தால் காற்றிடைவெளி உண்டாகும்; தாளளவு இடைவெளியும் பிடிப்பை வெகுவாகக் குறைக்கும். அலுமினியத்தையும், துருப்பிடியா எஃகில் பல வகைகளையும் காந்தம் பற்றாது.

இனி, காந்தம் நேராக இழுப்பதற்கு வலிதேயன்றிப் பக்கவாட்டில் நழுவுவதற்கு வலிதன்று. செங்குத்தான உத்திரத்தில் பொறி நழுவாமல் நிற்பது உராய்வினால். உராய்வோ இழுவிசையில் ஒரு சிறு பகுதியே. எண்ணெய் படிந்த பரப்பில் அதுவும் குறையும்.

இவையெல்லாம் சரியாக இருப்பினும் மின்சாரம் நின்றால் என் செய்வது? செருகி கழன்றாலும், கம்பி அறுந்தாலும், மின்னாக்கி நின்றாலும் காந்தம் அக்கணமே கைவிடும். 15 கிலோகிராம் எடையுள்ள பொறி 10 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்தால் ஒன்றரை வினாடிக்குள் தரையை அடையும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கீழே நிற்பவர் நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லை.

சங்கிலி

ஆகையால் பொறியோடு வரும் காப்புச் சங்கிலியை அல்லது பட்டையைப் பயன்படுத்துதல் இன்றியமையாதது. அதனை உத்திரத்தைச் சுற்றித் தளர்வின்றி இறுக்க வேண்டும். தளர்ந்த சங்கிலி பொறியைத் தரையில் விழாமல் தடுக்கலாம். ஆனால் பொறி ஊசலாடிக் கையாள்பவரைத் தாக்குவதைத் தடுக்காது. பொறியைத் தாங்கும் கையை எடுக்குமுன் சங்கிலியைக் கட்டுதல் வேண்டும். வேலை முடிந்தபின், மோட்டாரை நிறுத்தி, பொறியைத் தாங்கிக்கொண்டு, காந்தத்தை அணைத்து, அதன் பிறகே சங்கிலியை அவிழ்த்தல் வேண்டும். தலைக்கு மேலே துளையிடும்போது இவ்வேலைக்கு இருவர் தேவை.

சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், விபத்து நேருமுன்பே ஆபத்தை ஆராய்ந்து தடுக்கும் பொறுப்பை முதலாளிமீது சுமத்துகிறது. 3 மீட்டருக்கு மேல் வீழக்கூடிய உயரத்தில் செய்யும் வேலைக்கு அனுமதிச் சீட்டும் வேண்டும். மேலே நிற்பவருக்கு இடுப்பும் தோளும் பிணைத்த காப்புக் கச்சை எவ்வளவு தேவையோ, பொறிக்குச் சங்கிலி அவ்வளவு தேவை.

இயக்கும் முறை

முதலில் பரப்பைத் துடைத்துச் சுத்தம் செய்க. அதே உத்திரத்தில் எவரேனும் வெல்டிங் செய்கின்றனரா எனப் பார்க்க. வெல்டிங் மின்னோட்டம் காந்தத்தின் வழியே திரும்பி அதனைக் கெடுத்துவிடும். பொறிக்குத் தனி மின்னிணைப்புக் கொடுப்பது நன்று. மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் காப்புச் சுவிட்சும் இருத்தல் வேண்டும்.

கட்டரைத் தண்டில் செருகி, அதன் தட்டைப் பக்கங்களுக்கு நேராகத் திருகாணிகள் இரண்டையும் இறுக்குக. நடுவிலுள்ள வழிகாட்டி ஊசியைக் குறித்த புள்ளியில் நிறுத்திக் காந்தத்தை இயக்குக. பொறியைக் கையால் அசைத்துப் பார்த்து, அசையாதாயின் மேற்செல்க.

சுழல் வேகத்தைக் கட்டரின் அகலத்திற்கேற்ப வைக்க வேண்டும். மென்னெஃகில் விரைவெஃகுக் கட்டரின் விளிம்பு நிமிடத்திற்கு 25 மீட்டர் செல்லுமென்று கொண்டால், 22 மில்லிமீட்டர் கட்டர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 360 சுற்றும், 50 மில்லிமீட்டர் கட்டர் 160 சுற்றும் சுழல வேண்டும். அகலம் கூடக்கூடச் சுற்றுக் குறையும் என்க.

தொடக்கத்தில் மெல்ல அழுத்துக. பற்கள் பதிந்தபின் சீராக அழுத்துக. வெட்டெண்ணெய் தடையின்றி வடிதல் வேண்டும். தலைகீழாகத் துளைக்கும்போது எண்ணெய் மோட்டாருக்குள் இறங்கக்கூடுமாதலால், குழம்பு போன்ற மசகைக் கட்டரில் தடவுவர். துளை முடியும் தறுவாயில் சூடான எஃகு வில்லை விசையுடன் வெளிப்படும். ஆதலின் கீழே எவரும் நில்லாதபடி தடுப்பு அமைத்தல் வேண்டும்.

கண்ணாடியும் செவிக்காப்பும் அணிக. ஆனால் கட்டர் சுழலும்போது கையுறை ஆகாது. கையுறையின் ஓர் இழை சிக்கினும் கையே உடன் செல்லும். சுருள் சீவலை ஓடும் பொறியிலிருந்து அகற்றலாகாது. நிறுத்தியபின் தூரிகையால் அகற்றுக. கையுறைக்கு உரிய நேரம் அப்போதுதான்.

பேணும் முறை

நாள்தோறும் காந்தத்தின் அடிப்பரப்பைத் துடைத்து, பதிந்த சீவலையும் பிசிறையும் நீக்குக. மின்கம்பியில் வெடிப்பு உண்டா, சங்கிலியின் கண்ணிகள் தேய்ந்துள்ளனவா என நோக்குக. மோட்டார் நழுவும் தடத்தில் ஆட்டம் காணின், பக்கத் திருகாணிகளைச் சிறிது இறுக்குக. ஆட்டமுள்ள தடம் கட்டரின் பல்லை முறிக்கும். மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்தால் இரண்டையும் ஒருங்கே மாற்றுக. மழுங்கிய கட்டரோடு போராடுதல் வேண்டா. மழுங்கல் மிகுந்த அழுத்தத்தைக் கேட்கும். மிகுந்த அழுத்தம் காந்தத்தைப் பெயர்க்கும். இவ்வேலைகள் அனைத்தையும் செருகியை உருவிய பிறகே செய்க.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

இஃது எந்திரப் பாடம்தானே, தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை எனக் கேட்கலாம். பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடைபெறும் நாடு சிங்கப்பூர். அங்குள்ள தமிழ்த் தொழிலாளர் கையில் ஓர் அறிவிப்பைக் கொடுக்கிறோம். அதில், “பாதுகாப்புச் சங்கிலி உரிய முறையில் பொருத்தப்பட்டிருத்தல் உறுதிப்படுத்தப்பட வேண்டும்” என்றிருப்பின், கட்ட வேண்டியவர் யார், எப்போது கட்டுவது என்பன விளங்கா. “கையை எடுக்குமுன் சங்கிலியைக் கட்டுங்கள், காந்தத்தை அணைத்தபின் அவிழுங்கள்” என்றால் ஐயத்திற்கு இடமில்லை. செய்பவரும் காலமும் செயலும் தெளிவாயின. செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், இவ்விரு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். இலக்கணம் ஓர் உயிரைக் காக்கும் இடம் அது என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.

களத்தில் வழங்கும் சொல்லைத் தள்ளாமல், அதனருகே தெளிந்த தமிழை வைத்து, குறுகிய வாக்கியங்களில் இத்தகைய கையேடுகளை எழுதித்தர நம் ஆசிரியர்கள் முன்வருதல் வேண்டும். அப்பணிக்குப் பொறியியல் அறிந்தோரின் துணையும், அன்றாடம் பொறியைக் கையாளும் தொழிலாளரின் துணையும் வேண்டும். எழுதியதை முதலில் அத்தொழிலாளரிடம் படித்துக் காட்டுக. அவர் மறுமுறை கேளாமல் செய்து காட்டுவாராயின் அத்தமிழ் நல்ல தமிழ்.