பெயருக்குச் சண்டை போட்டோம், பிணிக்கு?

தொண்டிக் கடற்கரையிலே கப்பல் நின்றால், என்ன சரக்கு, எங்கிருந்து வந்தது, எவருக்குப் போகிறது என்று கேட்டு எழுதிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. இன்று கணக்கில்லாமலே கரையேறும் சரக்கு ஒன்று இருக்கிறது. அதற்குக் கப்பல் வேண்டாம், சீட்டு வேண்டாம், மூட்டை முடிச்சும் வேண்டாம். மனிதன் குடலே அதற்குத் தோணி! மருந்துக்கு மசியாத கிருமியைத்தான் குறிப்பிடுகிறோம்.

"கூலிக்கும் விலைவாசிக்கும் வழி சொல்லாமல், கிருமியைப் பற்றி என்ன பாடம்?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கலாம். போராடிப் பெற்ற கூலியை மருத்துவமனைப் படுக்கையிலே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினால், வென்றது யார், தோழர்களே? அதனால்தான் எழுதுகிறோம்.

திருக்கை முள் தைத்த காலோடு மீனவர் ஒருவர் கரை சேருகிறார். புண் சீழ் வைக்கிறது. மருத்துவரைத் தேடிப் போனால் ஒருநாள் பாடு போய்விடும். மருந்துக் கடையிலே இரண்டு மாத்திரை. வலி தணிந்ததும் மறுநாள் கடல்! குற்றம் அவருடையதா? அல்ல. ஒருநாள் ஓய்வுக்கும் வழியில்லாத வாழ்வின் குற்றம் அது. ஆனால் கிருமி நியாயம் கேட்பதில்லை. அரைகுறை மருந்திலே நோஞ்சான் கிருமி சாகிறது, வலுத்தது பிழைக்கிறது, பிழைத்தது பெருகுகிறது. பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், நோபல் பரிசு பெற்ற 1945-ஆம் ஆண்டிலேயே இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னார்.

புண்ணோடு முடிந்ததா? இல்லை. குடலிலே கோடானுகோடிக் கிருமிகள் குடியிருக்கின்றன. விழுங்கிய மாத்திரை அவற்றையும் தாக்குகிறது. அங்கேயும் வலுத்ததே மிஞ்சுகிறது. மிஞ்சியது, மருந்தை முறிக்கும் வித்தையைச் சிறு மரபணு வளையமாக்கி அண்டைக் கிருமிக்கும் கைமாற்றுகிறது! சுமப்பவருக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அறுவை நடந்து, மூத்திரக் குழாய் செருகி, உடல் தளர்ந்து கிடக்கும்போது, குடலிலிருந்த கிருமி குருதியில் புகுந்தால் மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன.

2008-இல் சுவீடனில் கண்டது இதுதான். டில்லி மருத்துவமனையில் இருந்துவிட்டுச் சென்ற ஒரு நோயாளியின் சிறுநீரிலே, கடைசி ஆயுதம் எனக் கருதப்படும் கார்பபெனம் மருந்தையும் முறிக்கும் கிளெப்சியெல்லா கிருமி இருந்தது. மலத்தைச் சோதித்தார்கள்; அங்கிருந்த ஈ.கோலை கிருமியிலும் அதே மரபணு! அதற்கு டில்லியின் பெயரால் என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தனர். 2010 ஆகஸ்டில், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பங்குகொண்ட ஆய்வு 'லான்செட்' குழும ஏட்டில் வெளிவந்தது. சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் இந்த மரபணு இருந்தது.

டில்லி பதறியது. எதற்கு? நோய்க்கா? பெயருக்கு! நாட்டுக்கு இழுக்கு என்றனர். வெளிநாட்டு நோயாளிகளைத் தடுக்கும் சூழ்ச்சி என்றனர். ஊர்ப் பெயரை நோய்க்குச் சூட்டியது தவறுதான். 2011 ஜனவரியில் 'லான்செட்' ஆசிரியரே அதற்கு வருந்தினார். நல்லது. பெயர் குறித்த வழக்கிலே வெற்றி! ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ஆய்வு என்ன சொன்னது? டில்லியின் 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51-இலும் அதே மரபணு! பெயர் அழுதது கேட்டவர்களுக்குத் தண்ணீர் அழுதது கேட்கவில்லையே!

வழி இல்லாமலில்லை. இஸ்ரேலில் 2007 மார்ச்சு முதல், இத்தகைய கிருமியைச் சுமப்போரைத் தேடிக் கண்டு, தனியிடம் தந்து, நாடு முழுவதற்கும் ஒரே கணக்கு வைத்தார்கள். நோயாளிகள் படுக்கையில் கழித்த 1 லட்சம் நாட்களுக்கு 55.5 ஆக இருந்த தொற்று, 2008 மே மாதம் 11.7 ஆகச் சரிந்தது. கணக்கெடுத்தான், காத்தான்!

இங்கும் 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' கண்டன. 2014 மார்ச்சு 1 முதல் முக்கியமான எதிர்க்கிருமி மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி வந்தது. விதி ஏட்டிலே, மாத்திரை தெருவிலே என்றிருந்தால் என்ன பயன்?

எனவே கேட்கிறோம். இராமநாதபுரத்திலே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேறு மருத்துவமனையிலிருந்து வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேருவோரின் மலத்தைச் சோதித்துக் கணக்கெடுப்பது வழக்கமாகட்டும். தொண்டி நோயாளியின் சீழும் சிறுநீரும் அங்கே போய், எந்த மருந்து கேட்கும் என்ற விடை காலத்தோடு திரும்பட்டும். மலச்சட்டியை முதலில் தொடும் துப்புரவுத் தொழிலாளிக்குக் கையுறையும், சோப்பும், தண்ணீரும், வயிறாரக் கூலியும் கிடைக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். கிருமி சுமப்பவர் குற்றவாளி அல்லர். தனிப்படுக்கை என்பது காவலே தவிர, தீண்டாமை அன்று. அவர் பெயரைத் தெருவில் கூவும் கணக்கு நமக்கு வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும்.

தோழர்களே! படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் இதைப் படித்துக் காட்டுங்கள். சீட்டில்லாமல் மாத்திரை கேட்காதீர். மருத்துவர் சொன்ன அளவைக் குறைக்காதீர். கை கழுவாமல் நோயாளியைத் தொடாதீர். நம் கடமையைச் செய்துவிட்டு, ஆட்சியிடம் அதன் கடமையைக் கேட்போம். கேட்கும் உரிமை அப்போது இரட்டிப்பாகும்!