ஊசியில்லாக் காசநோய் மருத்துவம் வந்த விதம்



புதிய மருந்துகள் ஆய்வுக்கூடங்களில் பிறக்கின்றன என்று நாம் அறிவோம். அவை எந்த உருவில், யாருக்கு, எப்போது கிடைக்கும் என்பதில் நோயாளிகளின் குரலுக்கும் பங்குண்டு. காசநோயே இதற்கு நல்ல சான்று.

சாதாரணக் காசநோய் ஆறு மாத மாத்திரைகளால் குணமாகும். முக்கிய மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கோ, முன்னாளில் இரண்டு ஆண்டுகள் வரை மாத்திரைகளும், மாதக்கணக்கில் கானமைசின் போன்ற ஊசிகளும் தேவைப்பட்டன. இவ்வூசிகள் உட்செவியின் நுண்ணிய செல்களை அழிக்கக்கூடியவை. அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை. பலர் உயிர் பிழைத்தும் செவிப்புலனை இழந்தனர். மும்பையின் நந்திதா வெங்கடேசனும், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும் அவர்களில் இருவர்.

2012 டிசம்பரில் பெடாக்குலின் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் வந்த புதுவகைக் காசநோய் மருந்து அது. ஆயினும் பல ஆண்டுகள் அது மிகச் சிலருக்கே எட்டியது. ஊசியில்லாத, குறுகிய கால மருத்துவமே வேண்டும் என்று நோயாளிகளும் அவர்களுக்குத் துணைநின்ற அமைப்புகளும் பல நாடுகளில் வற்புறுத்தின. 2018-ல் தென்னாப்பிரிக்கா ஊசிக்குப் பதிலாக இம்மாத்திரையைக் கொடுக்கத் தீர்மானித்தது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் கானமைசினைப் பரிந்துரையிலிருந்து நீக்கியது.

அடுத்த தடை விலை. காப்புரிமையை 2027 வரை நீட்டிக்க மருந்து நிறுவனம் இந்தியாவில் விண்ணப்பித்திருந்தது. நந்திதாவும் பூமேசாவும் 2019-ல் அதை எதிர்த்து மனுச் செய்தனர். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் அவ்விண்ணப்பத்தை நிராகரித்தது. அவ்வாண்டு ஜூலையில் மூலக் காப்புரிமை முடிந்ததும் மற்ற இந்திய நிறுவனங்களுக்கு வழி திறந்தது. ஆகஸ்டில், ஏழை நாடுகளுக்கென மொத்தமாக மருந்து வாங்கும் உலகளாவிய அமைப்புக்கான ஆறு மாத மருந்தின் விலை 130 டாலராகக் குறைந்தது.

2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பெடாக்குலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த ஆறு மாத மாத்திரை மருத்துவத்தைப் பரிந்துரைத்தது. 2024 செப்டம்பரில் இந்திய அரசும் அதை ஏற்றது. லினசோலிட் இரத்தத்தையும் நரம்புகளையும் பாதிக்கக்கூடும் என்பதால் அடிக்கடி பரிசோதனை அவசியம். எனினும் செவியைப் பறிக்கும் ஊசி இதில் இல்லை.

மூலக்கூறைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள். உயிருக்கு விலையாகச் செவியைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டவர்கள் நோயாளிகள். இரண்டும் சேர்ந்தபோதே இந்நன்மை விளைந்தது.

நாமும் நம் பங்கைச் செய்வோம். உங்கள் சபையிலோ தெருவிலோ இரண்டு வாரங்களுக்கு மேல் இருமலால் வருந்துவோர் இருந்தால், தாமதியாமல் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் என்னவென்று தெரிந்தால்தான் இம்மருந்து அவர்களுக்கு உதவும்.