உவரைத் தடுத்த அணையும் நன்னீர் நத்தையும்

தொண்டைமானாற்றின் பெயர்க்கதையிலேயே உப்பு இருக்கிறது. சோழர் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் உப்பேற்றும் மரக்கலங்களுக்காக இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பது கர்ணபரம்பரை. உண்மையில் இது ஆறன்று. வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கலக்கும் வாய். அவ்வாயிற் கதவுகள் அமைத்துக் கடல்நீரைத் தடுத்து, மாரி வெள்ளத்தைத் தேக்கி, உவரை நாளடைவில் நன்னீராக்க வேண்டுமென்பது சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நம்மவர் போற்றிவரும் எண்ணம். கிணற்றையே நம்பி வாழும் குடாநாட்டில் அதனைக் குறைகூறுவார் எவர்? ஆயினும் நீரின் சுவை மாறினால் நீர்வாழ் உயிர்களும் மாறும். அவற்றுள் எவரும் கணக்கிலெடாத ஒன்று நத்தை.

இவ்வாறே உவர்நீரைத் தடுக்க, ஆபிரிக்காவிலே செனெகல் ஆற்றின் முகத்துவாரத்தருகே டியாமா என்னுமிடத்தில் 1986-இல் ஓர் அணை எழுந்தது. வயலும் கரும்பும் செழித்தன. 1988-இல் மேலேயுள்ள ரிசார்தோல் நகரில், அதற்குமுன் அங்கே அறியப்படாத குடற் குருதிப்புழு நோய் தோன்றிச் சில ஆண்டுகளில் மிகப் பலரைப் பற்றிக்கொண்டது. உப்பு நீங்கிய நீரில் அந்நோய்க்குரிய நன்னீர் நத்தை பெருகியதும், நத்தையைத் தின்னும் ஆற்றிறால் முகத்துவாரம் சென்று இனம்பெருக்க வழியின்றி அருகியதும் காரணங்களென ஆய்ந்தோர் கூறுவர்.

நத்தைக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு? 1851-இல் கெய்ரோ நகரில் பில்ஹார்ஸ் என்னும் மருத்துவர் மனிதக் குருதிக்குழாயில் இப்புழுவைக் கண்டார். அது உடலுட் புகும் வழியை 1915-இல் லைப்பர் எகிப்திலே தெளிவாக்கினார். முட்டையிலிருந்து நீரில் வெளிப்படும் நுண்குடம்பி சில மணி நேரத்துக்குள் தனக்குரிய நத்தையை அடைய வேண்டும், இல்லையேல் மடியும். நத்தையினுள்ளே அது ஆணும் பெண்ணும் கூடாமலே பெருகி, வாலுடைய ஆயிரக்கணக்கான குடம்பிகளாகி வெளியேறி, நீரில் இறங்கியவரின் தோலைத் துளைத்துப் புகும். 'தனக்குரிய நத்தை' என்ற சொல்லிலேதான் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. கண்ட நத்தையிலெல்லாம் அது வளர்வதில்லை.

ஏன் என்பதற்கு விடை பிறப்புரிமையியலிற் கிடைத்தது. நோயை ஏற்கும் புவேட்டோ ரிக்கோ நத்தையையும் ஏற்காத பிரேசில் நத்தையையும் அமெரிக்க அறிஞர் நியூற்றன் கலந்து வளர்த்து, ஏற்கும் இயல்பு பரம்பரையாக இறங்குவதென்று 1953-இல் காட்டினார். இந்நத்தை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் தானேயாதலின், முட்டை கலப்பாற் பிறந்ததா, தற்கருக்கட்டலாற் பிறந்ததா என்ற ஐயம் எழும். வெளிறிய நத்தை நிறமுள்ள குஞ்சை ஈன்றால் அது கலப்பே என்று துணியலாம். எத்துணை எளிய உபாயம்! பின்னர் ரிச்சட்ஸ் என்பார், வளர்ந்த நத்தையின் எதிர்ப்பு ஆட்சியுடைய ஒரே பரம்பரையலகினாலும், இளநத்தையின் எதிர்ப்பு பல பரம்பரையலகுகளாலும் அமைவதென விளக்கினார்.

புழுவால் மலடாகும் நத்தை, எதிர்ப்பை ஏன் தன் இனம் முழுவதிலும் பரப்பிக்கொள்ளவில்லை? எதிர்ப்புடைய வழியினம் குறைவாகவே ஈனுகின்றது என்று 1999-இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. புழு வாராத ஆண்டில் எதிர்ப்பு வீண்செலவு.

புழுவின் பரம்பரையும் விந்தையே. மனிதரில் ஆணே இருவேறு இலிங்க நிறமூர்த்தங்களை உடையது, இப்புழுவிற் பெண். ஒரு முட்டையின் குடம்பியிலிருந்து பெருகும் ஆயிரமும் ஒரே பாலினவாம். ஓருடலில் இருவேறு இனங்களின் ஆணும் பெண்ணும் சந்தித்தாற் கலப்பினம் பிறத்தலும் கூடும். 2013-இற் பிரான்சுக்குரிய கோர்சிகாத் தீவின் காவு ஆற்றிற் குளித்தவர்க்கு நோய் கண்டது. மனிதப் புழுவும் மாட்டுப் புழுவும் கலந்த இனம் அது. பரம்பரையலகு செனெகற் புழுக்களோடு ஒத்திருந்தது. ஒரு பயணியின் உடலே அதற்கு ஓடமாயிற்று.

நிற்க. நம் பக்கம் வருவோம். மாடுகள் குறட்டைவிடுமாறு செய்யும் மூக்குப்புழுவைச் சென்னை மாகாணத்திற் கண்டு 1933-இல் விவரித்தவர் அனந்தநாராயண ராவ். அதற்கும் வேறு சில கால்நடைப் புழுக்களுக்கும் இடங்கொடுப்பது, இந்தோபிளனோர்பிசு என்னும் தட்டையாகச் சுருண்ட செங்குருதி நத்தை. இலங்கைக் குளங்களிலும் வயல்களிலும் அது வாழ்கிறது. அதன் மாட்டுப்புழுக் குடம்பி நம் தோலையும் துளைக்கும். ஆயினும் உள்ளே வாழமாட்டாமல் இறந்து, தினவை மட்டும் விட்டுச்செல்லும். இலங்கையில் மனிதக் குருதிப்புழு நோய் நிலைகொண்டதில்லை.

இதனை வைத்து அஞ்சாதிருக்கலாமா? இரத்தினகிரி மாவட்டத்துக் கிம்வி என்னும் சிற்றூரிற் சிறுநீர்வழிக் குருதிப்புழு நோய் உண்டென்று 1952-இற் காட்கில், ஷா இருவரும் அறிவித்தபோது இந்திய மருத்துவ உலகம் திகைத்தது. அங்கே எவரும் பொருட்படுத்தாத பெரிசியா என்னும் சிறு நத்தையே புழுவுக்குரியதெனப்பட்டது. ஆபிரிக்காவிற் சிறுநீர்ப்புழுவை வளர்க்கும் புலினசு நத்தைக்கு நெருங்கிய உறவு நம் இந்தோபிளனோர்பிசு. உறவு மட்டும் கதவைத் திறக்காது என்பது மெய்யே. ஆனால் ஒரே பெயரால் வழங்கும் இந்நத்தையுள் பரம்பரையால் வேறுபட்ட கிளைகள் பல உள்ளனவென்று 2010 முதல் வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே வங்காளத்து நத்தையைச் சோதித்து யாழ்ப்பாணத்து நத்தைக்கு நற்சான்று வழங்குதல், ஊர்மாறிச் சாட்சி சொல்வதாகும் என்பது என் கருத்து.

இன்று இங்குள்ள சேற்றில் ஊரிகளே மிகுதி. அவற்றுட் பல, பறவைக் குடலில் முதிரும் தட்டையன்களுக்கு இடங்கொடுப்பவை. உவர் குறையக் குறைய எந்த நத்தை எவ்விடத்திற் குடியேறுகிறது என்பதை ஆண்டுதோறும் பதிந்துவர, இங்கேயே தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் இருக்கிறது. உயர்தர மாணவருக்கு வினாத்தாள் அனுப்பும் பெயராகவே அதனைப் பலர் அறிவர். கையுறை அணிந்த மாணவன் ஒருவன் நத்தையை ஒரு கண்ணாடிக் குவளை நீரிலிட்டு வெளிச்சத்தில் வைத்தால், புழுவேறிய நத்தையானால் சில மணி நேரத்திற் குடம்பிகள் வெளிவருவதைக் கைவில்லையாற் காணலாம். பரம்பரையலகை ஒப்பிட, நத்தையின் காற்றசையிற் கடுகளவு வெட்டி மதுசாரத்திலிட்டு வைத்தாற் போதும்.