இன்னும் ஒரு மாதம் இருந்து போகலாமே!

வந்த விருந்தினர் விடைபெறும்போது, "அதற்குள் என்ன அவசரம்? இன்னும் ஒரு மாதம் இருந்து போகலாமே!" என்று வற்புறுத்துவது நம் இல்லங்களின் வழக்கம். பிறந்த ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நமக்கு, உறவினர் வருகை ஊரே வாசலுக்கு வந்தது போன்ற மகிழ்ச்சி. ஆனால் அன்பு மிகுதியால் நாம் சொல்லும் அச்சொல்லே சிலருக்குப் பொருளிழப்பாய் முடிவதுண்டு. அதைப் பற்றியே இம்மாதம் நாம் பேச விரும்புகிறோம்.

நம் குடும்பங்களிலிருந்து அயல்நாடு சென்று குடியேறியவர் பலர். அவர்களுள் விபத்தாலோ நோயாலோ உடற்குறை எய்தி, அந்நாட்டு அரசின் உதவித்தொகையைக் கொண்டு வாழ்வோரும் உண்டு. அவர்கள் தாயைக் காணவோ தம்பியின் திருமணத்துக்கோ இங்கு வருவதில் தவறொன்றுமில்லை. ஆயினும் எத்தனை நாள் வெளியே இருந்தால் தொகை தொடரும் என்பதற்கு எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் இத்தகைய உதவிகள் இருவகை. உழைத்த காலத்தில் செலுத்திய வரிக்கு ஈடாகக் கிடைப்பது எஸ்.எஸ்.டி.ஐ. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியாவில் தங்கியிருந்தாலும் இது பொதுவாக நிற்பதில்லை. குடியுரிமை பெறாதவர் ஆறு முழு மாதங்கள் வெளியே இருந்தால், சில விலக்குகள் தவிர, நின்றுவிடும். வருவாயும் சொத்தும் மிகக் குறைந்தோர்க்கு 1974 முதல் வழங்கப்படுவது எஸ்.எஸ்.ஐ. இதன் விதி கடுமையானது. தொடர்ந்து 30 நாட்கள் நாட்டுக்கு வெளியே இருந்தால் தொகை நிற்கும். திரும்பிய பின் தொடர்ந்து 30 நாட்கள் அங்கே தங்கிய பிறகே மீண்டும் கிடைக்கும்.

எஸ்.எஸ்.ஐ. பெறும் தமக்கை ஒருவர் 25 நாள் தங்குவதாக வருகிறார் என்று கொள்வோம். "வளைகாப்பு முடியட்டும், அக்கா" என்று தங்கை கெஞ்சுகிறாள். பயணம் 15 நாள் தள்ளிப்போகிறது. 40 நாட்கள் கழித்து வீடு திரும்பினால், வாடகைக்கும் மளிகைக்கும் வரவேண்டிய பணம் நின்றிருக்கும். அது மீண்டும் வர ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். தங்கைக்கோ இது தெரியாது. உதவித்தொகையில் வாழ்வதைச் சொல்லக் கூசும் தமக்கையும் வாய் திறவார்.

பிரிட்டனில், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2013 முதல் வழங்கப்படும் பி.ஐ.பி. உதவி, வெளிநாட்டில் இருப்போர்க்குப் பொதுவாக 13 வாரம் வரை தொடரும். புறப்படுமுன்பே இருந்த நோய்க்கு மருத்துவம் பெறுவதற்கென்றே வந்தவராயின் 26 வாரம் வரை தொடரும். பயணம் நான்கு வாரத்துக்கு மேற்படுமானால் முன்னரே அறிவித்தல் வேண்டும். ஆஸ்திரேலியாவில் பொதுவாக 12 மாதத்தில் மொத்தம் 28 நாட்களே அனுமதி. நிலையான கடும் உடற்குறை உடையோர் போன்ற சிலர்க்கு மட்டும் விலக்கு உண்டு.

"சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று அறிவுரை கூறுவோரும் நம்மிடையே உண்டு. அதைக் கேட்டல் ஆகாது. போக்குவரத்து நாட்களைக் கடவுச்சீட்டே காட்டிவிடும். தகுதியின்றிப் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்த நேரிடும். மறைத்த குற்றமும் சேரும்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. முகூர்த்த நாளை முன்கூட்டியே எழுதினால், வருபவர் தமக்குரிய நாட்களுக்குள் பயணத்தை அமைத்துக்கொள்வார். புறப்படுமுன் உதவி வழங்கும் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும், அப்போதைய விதியைக் கேட்டறியவும் நினைவூட்டுவோம், விதிகள் மாறக்கூடியவை. பயணச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுவோம். இங்கே நோய்வாய்ப்பட்டால், மருத்துவரிடம் சான்று பெற்று உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்க உதவுவோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விருந்தினர் வந்திறங்கிய அன்றே, "திரும்ப வேண்டிய நாள் எது?" என்று தனியே, கனிவாகக் கேட்டு வைப்போம். அந்நாள் வந்ததும் தடுக்காமல், வழிக்குக் கட்டுச்சோறும் ஊறுகாயும் கொடுத்து, "போய் வாருங்கள்" என்று அனுப்பிவைப்போம். அவர் மீண்டும் வருவதற்கு வழிவைப்பதும் விருந்தோம்பலே.