காயலான் கடைக்குப் போகும் முன்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும், இடுக்கியின் மூணாறு, தேவிகுளம், குமுளி பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழைய பொருள் விற்கும் இடத்தைக் குறிக்க இரண்டு பெயர்கள் உண்டு. தமிழில் காயலான் கடை. மலையாளத்தில் ஆக்ரிக் கடை. இரும்பு, பித்தளை, பழைய செய்தித்தாள் ஆகியவை அங்கே விலை போகும். வெளுத்த வேட்டி, கிழிந்த புடவை, வெங்காயத் தோல் போன்றவற்றை எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை. அவை நேரே குப்பைக்குச் செல்கின்றன.

மலையில் குப்பை நெடுந்தொலைவு போவதில்லை என்பதே இங்குள்ள சிக்கல். மூணாறு மக்கள் ‘படையப்பா’ என்று பெயரிட்டழைக்கும் காட்டு யானை, 2023-ஆம் ஆண்டில் கல்லாறு குப்பை மையத்திற்குக் காய்கறிக் கழிவைத் தேடி வந்து நின்ற காட்சியைப் பலரும் கண்டனர். கழிவோடு பிளாஸ்டிக்கும் அதன் வயிற்றுக்குள் போய்விடுமே என்ற கவலை அப்போது எழுந்தது. மூணாறு, தேக்கடி, வாகமண், நெல்லியாம்பதி உள்ளிட்ட மலைச் சுற்றுலா இடங்களில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2025 அக்டோபர் 2 முதல் தடை விதித்துக் கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தடை கடைகளைக் கட்டுப்படுத்தும். வீட்டுக்குள் ஏற்கெனவே சேர்ந்திருப்பவற்றுக்கு நாம்தான் வழி காண வேண்டும்.

மூணாற்றிலேயே அதற்கொரு நல்ல முன்மாதிரி உள்ளது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகளுக்காக 1990-களின் தொடக்கத்தில் டாட்டா டீ நிறுவனத்தின் ஆதரவுடன் உருவான அமைப்பு ‘சிருஷ்டி’. அதன் ஒரு பிரிவான ‘அதுல்யா’வில் பழைய காகிதத்தைக் கூழாக்கிக் கைக்காகிதம் செய்கின்றனர். மற்றொரு பிரிவான ‘ஆரண்யா’வில் யூகலிப்டஸ் இலை, தேயிலைக் கழிவு, மாதுளைத் தோல் முதலியவற்றிலிருந்து சாயம் எடுத்துத் துணிகளுக்கு வண்ணமேற்றுகின்றனர். தோட்டத்து வீடுகளில் ஒதுங்கி இருக்க நேர்ந்தவர்கள், தோட்டம் ஒதுக்கிய பொருளைக் கொண்டே ஊதியம் ஈட்டுகிறார்கள். மூணாறு செல்வோர் தேயிலை அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாமல் இதையும் பார்த்து வருவது நல்லது.

இச்சாய முறையின் எளிய வடிவத்தை வீட்டிலும் செய்யலாம். மஞ்சளித்துப் போன வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் கலந்த துணி இதற்கு ஆகாது. சாயம் பிடிக்காமல் வழிந்துவிடும். துணியைக் கஞ்சிப்பசை நீங்கத் துவைத்து, கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து உலர்த்த வேண்டும். பின்னர்ப் படிகாரம் கரைத்த நீரில் சில மணி நேரம் ஊறவிட வேண்டும். ஒரு கிலோ துணிக்கு 100 முதல் 150 கிராம் படிகாரம் போதும். பருத்தி இழைக்குச் சாயத்தைத் தானே பற்றிக்கொள்ளும் இயல்பு குறைவு. கடுக்காயின் துவர்ப்புச் சத்து படிகாரத்தை இழையோடு பிணைக்கிறது. படிகாரம் சாயத்தைப் பிணைக்கிறது. அதனால் இவ்விரு படிகளையும் தாண்டிக் குதித்தால் முதல் சலவையிலேயே வண்ணம் போய்விடும்.

துணியின் எடையில் பாதியளவாவது வெங்காயத் தோலைச் சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்த நீரில் துணியை மிதமான சூட்டில் வைத்திருந்தால் பொன்மஞ்சளோ ஆரஞ்சு சாயலோ கிடைக்கும். அதே நீரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டால் நிறம் கருமைப் பச்சையாக மாறும். இரும்புச் சட்டியில் சாயம் காய்ச்சலாகாது என்பதன் காரணமும் இதுவே. சாயம் காய்ச்சிய பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். வெங்காயத் தோலைச் சேர்ப்பதற்குச் சில வாரங்கள் ஆகும். பக்கத்து வீட்டாரிடமும் கேட்டு வையுங்கள்.

பழைய பருத்திப் புடவையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தூளி, கைக்குழந்தைக்கு விரிப்பு, நான்கைந்து மடிப்பாகத் தைத்த போர்வை என்று நம் பாட்டிமார் அதன் கடைசி இழை வரை பயன்படுத்தினர். மூணாற்றுக் குளிருக்கு அந்தப் போர்வை இன்றும் பொருத்தமானதே.

எனினும் எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்தலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஏலத் தோட்டப் பகுதிகளில் காலியான பூச்சிமருந்துக் கேன்கள் உறுதியாகவும் மூடியோடும் கிடைப்பதால், கழுவித் தண்ணீர் பிடிக்கத் தோன்றும். எத்தனை முறை கழுவினாலும் மருந்தின் மிச்சம் பிளாஸ்டிக்கில் தங்கியிருக்கும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே, இக்கலன்களை மீண்டும் எவரும் பயன்படுத்த முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்கின்றன. சிக்கனத்தின் பெயரால் இதில் மட்டும் விதிவிலக்குத் தேடாதீர்கள். செய்தித்தாளில் வடை, பஜ்ஜி பொதிவதையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்துள்ளது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் சூடான எண்ணெயில் எளிதில் கலக்கும். பழைய டயர், டப்பா ஆகியவற்றில் செடி வளர்ப்போர் அடியில் துளையிட்டுக்கொள்ள வேண்டும். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை, தண்ணீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியது.

வீட்டில் எதற்கும் உதவாத பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தி வைத்தால் ஹரித கர்ம சேனையின் பெண்கள் வந்து பெற்றுக்கொள்கிறார்கள். கிராமப் பஞ்சாயத்துகள் பலவற்றில் இதற்கான கட்டணம் மாதம் 50 ரூபாய். ஈரமும் எண்ணெயும் படிந்த உறையை அவர்களாலும் மறுசுழற்சிக்கு அனுப்ப இயலாது.

கடைசியாக, வங்கி சார்ந்த ஒரு வேண்டுகோள். காகிதக் கட்டோடு பழைய பாஸ்புக், கணக்கு அறிக்கை, ஆதார் நகல் ஆகியவை கடைக்குப் போய்விடுகின்றன. பயன்படுத்தாத காசோலைத் தாள்களை நறுக்கிப் போடுங்கள். அல்லது கிளையில் ஒப்படையுங்கள். காலாவதியான ஏ.டி.எம். அட்டையை வெட்டும்போது சிப்பும் காந்தப் பட்டையும் துண்டாக வேண்டும். பழைய கைபேசியை விற்குமுன் வங்கிச் செயலியிலிருந்து வெளியேறி, தகவல்களை முழுவதும் அழித்து, சிம் அட்டையை மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணையே விட்டுவிடுவதாக இருந்தால், முதலில் கிளைக்கு வந்து கணக்கில் புதிய எண்ணைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.