முட்டை ஒவ்வாமையும் மயக்க ஊசியும்

எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி ஆகிய உள்நோக்கிப் பரிசோதனைகளுக்கு வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: "எனக்கு முட்டை ஒவ்வாது. மயக்க ஊசியில் முட்டை சேர்ந்திருக்கிறதாமே?" இந்த அச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் உளர். மருத்துவர் தள்ளிவைத்துவிடுவாரோ என்று எண்ணித் தமக்குள்ள ஒவ்வாமையை மறைப்போரும் உளர். இவ்விரண்டாம் வகையினரைப் பற்றியே எங்களுக்குக் கவலை மிகுதி.

அந்த வினாவில் உண்மை இல்லாமலில்லை. இப்பரிசோதனைகளில் பெரிதும் பயன்படும் புரோபோஃபால் என்னும் மருந்து நீரில் எளிதில் கரையாதது. ஆகவே, நூற்றுக்கு 10 பங்கு சோயா எண்ணெயும், முட்டையிலிருந்து பெறப்படும் லெசித்தினும் சேர்த்து அதைப் பால் போன்ற கலவையாக்குகின்றனர். ஊசிக்குழலில் அது வெண்மையாகத் தெரிவதும் அதனால்தான். ஆனால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வெள்ளைக்கருவின் புரதங்களால் வருவது. லெசித்தினோ மஞ்சள்கருவிலிருந்து பிரிக்கப்படும் கொழுப்புப் பொருள். சோயா எண்ணெயும் சுத்திகரிக்கப்படும்போது அதன் புரதம் ஏறத்தாழ முழுவதும் நீங்கிவிடுகிறது. எனவே, முட்டை, சோயா ஒவ்வாமை உள்ளோருக்கும் இம்மருந்தை வழக்கம்போல் தரலாம் என்பதே அமெரிக்க ஒவ்வாமை, ஆஸ்துமா, நோயெதிர்ப்பியல் கழகத்தின் நிலைப்பாடு. எனினும், முட்டை உண்டு மூச்சுத்திணறலோ மயக்கமோ அடைந்தவர் அதை மயக்கவியல் மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். தேவையெனில் மிடசோலம் போன்ற வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வழியுண்டு. பரிசோதனையைக் கைவிட நேர்வது அரிது.

இதே போன்றதுதான் இறால், நண்டு ஒவ்வாதவருக்கு அயோடின் கலந்த எக்ஸ்ரே சாயமும் ஒவ்வாது என்னும் நம்பிக்கை. இறாலில் ஒவ்வாமையைத் தூண்டுவது ஒரு தசைப் புரதம்; அயோடின் அன்று. மாறாக, வாழைப்பழமோ பப்பாளியோ உண்டால் வாய் அரிக்கிறது என்பது அற்பமாகத் தோன்றினும், அதை நாங்கள் குறித்துக்கொள்வோம். அத்தகையோருள் சிலருக்கு ரப்பர் கையுறை ஒவ்வாது.

நம் வீடுகளில் "ஒத்துக்கொள்ளாது" என்னும் ஒரே சொல் பலவற்றைக் குறிக்கிறது. பால் அருந்தினால் வயிறு உப்புவது செரிமானக் குறை. கத்தரிக்காயைக் கரப்பான் பண்டம் என்று ஒதுக்குவது வழக்கம். உண்ட சிறிது நேரத்தில் தோல் தடித்தல், உதடு வீங்குதல், மூச்சிரைத்தல் ஆகியவையே எங்களுக்கு முதன்மையானவை. எந்த உணவு, எவ்வளவு நேரத்தில், என்ன நேர்ந்தது, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருந்ததா என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

இனி, பரிசோதனைக்குப் பின் வருவன. தூக்கக் கலக்கம், தலைக்கிறுகிறுப்பு, குமட்டல், தொண்டை வலி, ஊசி போட்ட நரம்பில் வலி, உள்ளே செலுத்திய காற்றால் வயிற்று உப்புசம் ஆகியவை பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். முதியோர்க்கும், சிறுநீரக, கல்லீரல் நோய் உள்ளோருக்கும் கலக்கம் சற்று நீளக்கூடும். மிடசோலம் புது நினைவுகளைப் பதியவிடாது. மருத்துவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர் வீடு சேர்ந்ததும், "டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லையே" என்பார்! ஆகவே, அறிவுரைகளை உடன் வந்தவரே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். 24 மணி நேரத்துக்கு இருசக்கர வாகனம் உட்பட எதையும் ஓட்டுவதும், பத்திரங்களில் கையெழுத்திடுவதும், மது அருந்துவதும் கூடாது. அரிப்புக்கென்று அவில், செட்டிரிசின் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே விழுங்கினால் உறக்கம் மேலும் கூடும். நீரிழிவு நோயாளி தள்ளாடினால் மயக்க மருந்தின் மேல் பழிபோடுமுன் சர்க்கரை அளவைப் பாருங்கள். பட்டினியால் அது தாழ்ந்திருக்கலாம்.

நரம்பு வழியே செலுத்திய மருந்துக்குக் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களில், எங்கள் கண்முன்னேயே தோன்றிவிடும். மறுநாள் தோன்றும் தடிப்புக்குப் புதிதாகத் தொடங்கிய ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, உண்ட உணவு ஆகியவற்றையும் ஆராய வேண்டும். ஒருமுறை கடும் எதிர்வினை வந்து தணிந்தவர்க்குச் சில மணி நேரம் கழித்து அது மீண்டும் எழக்கூடும். அதனாலேயே அவரை உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை. நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, தடிப்புடன் கூடிய வாந்தி அல்லது தலைச்சுற்றல் கண்டால் 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரவைக்கலாம், நடக்கவிடாதீர்கள். எழுப்பினால் விழிக்காத உறக்கம், கடும் வயிற்று வலி, காய்ச்சல், இரத்தமோ கருநிறமோ கலந்த மலம் ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது.

தொண்டையை மரக்கச் செய்யும் மருந்து தெளிக்கப்பட்டிருந்தால் மரப்பு நீங்கும்வரை எதுவும் தரலாகாது. பின்னர் ஒரு வாய் நீர் தந்து, புரையேறாமல் விழுங்குகிறாரா என்று பாருங்கள். மருத்துவர் வேறு கூறாதவிடத்து, கஞ்சி, இட்லி, மோர்ச்சோறு என அவருக்குப் பழகிய உணவே போதும். பட்டினி கிடந்தவரைத் தேற்றுவதற்கென்று அன்றே நண்டு வறுவலோ இறால் குழம்போ வேண்டாம். உண்டபின் தடிப்பு வந்தால், காரணம் உணவா மருந்தா என்று பிரித்தறிவது எங்களுக்கும் கடினமாகிவிடும்.