வசிலி கிராஸ்மன்: போர்முனையில் உருவான சாட்சி

போர்முனைச் செய்தியாளர் படையோடு சென்று, களத்தில் கண்டவற்றை நாட்டு மக்களுக்கு எழுதி அனுப்புபவர். தான் கண்டதும் தன் அரசு சொல்ல விரும்புவதும் முரண்படும்போது அவர் எதன் பக்கம் நிற்கிறார் என்பதே அவருடைய எழுத்தின் மதிப்பை முடிவுசெய்கிறது. சோவியத் எழுத்தாளர் வசிலி கிராஸ்மன் (1905–1964) இறுதிவரை தாம் கண்டதன் பக்கமே நின்றார்.

உக்ரைனின் பெர்டிச்சிவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, வேதிப்பொறியாளராகப் பணியாற்றிப் பின்னர் எழுத்துக்கு வந்த அவர், 1941இல் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தபோது, சோவியத் படையான செஞ்சேனையின் நாளிதழான 'கிராஸ்னயா ஸ்வெஸ்தா'வின் செய்தியாளராகக் களம் சென்றார். ஸ்டாலின்கிராட் போரில் தளபதிகளோடு மட்டுமன்றி, இடிபாடுகளில் பதுங்கிக் குறிபார்த்துச் சுடும் வீரர்களோடும், குண்டுமழையில் வோல்கா ஆற்றைக் கடக்க உதவிய படகோட்டிகளோடும் பழகினார். உரையாடும்போது குறிப்பெடுக்காமல், கேட்டவற்றை நினைவில் இருத்திப் பின்னர் எழுதிக்கொண்டதால், அவர்கள் தயக்கமின்றி மனம் திறந்தனர்.

செஞ்சேனை மேற்கே முன்னேறியபோது, 1941 செப்டம்பரில் பெர்டிச்சிவில் நாஜிகள் கொன்று குவித்த ஆயிரக்கணக்கான யூதர்களுள் தம் தாயும் ஒருவர் என்பது அவருக்கு உறுதியாயிற்று. 1944இல் போலந்திலுள்ள டிரெப்ளிங்கா என்னும் கொலைமுகாமுக்கு, அதாவது மனிதரைக் கொல்வதற்கென்றே அமைக்கப்பட்ட முகாமுக்குச் சென்று, உயிர்தப்பியோரிடமும் அக்கம்பக்கத்து உழவர்களிடமும் விசாரித்து எழுதினார். இறந்தோர் எண்ணிக்கையை அவர் மிகுத்துக் கணித்திருந்தாலும், கொலை ஒரு தொழிற்சாலை வேலைபோல நடத்தப்பட்ட முறையை வெளிப்படுத்திய அக்கட்டுரை நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் பயன்படுத்தப்பட்டது.

வெற்றிக்குப்பின் அரசு அந்தச் சாட்சியத்தை விரும்பவில்லை. யூதர் படுகொலைக்கான சான்றுகளைத் திரட்டி, சக எழுத்தாளர் இலியா எரன்புர்க்கோடு அவர் தொகுத்த 'கருப்பு நூல்' 1948இல் தடுக்கப்பட்டது. நாஜி ஆட்சிக்கும் ஸ்டாலின் ஆட்சிக்கும் இருந்த ஒற்றுமையைக் காட்டிய அவருடைய 'வாழ்வும் விதியும்' நாவலின் படிகளையும், தட்டச்சுப்பொறியின் நாடாக்களையும்கூட, உளவு அமைப்பான கேஜிபி 1961இல் பறிமுதல் செய்தது. நண்பர்கள் மறைத்துக் காத்த படியிலிருந்தே அந்நூல் 1980இல் சுவிட்சர்லாந்திலும், 1988இல் தாய்நாட்டிலும் வெளிவந்தது.

ஸ்டாலின்கிராட் வீரர்களைப் பற்றிய அவருடைய வரிகளை அவர் பெயரின்றி நினைவுச்சின்னச் சுவரில் பொறித்த அரசே, அதே போர் அவருக்குக் கற்பித்த உண்மையைச் சிறைப்படுத்தியது. வீரத்தைப் போற்றும் செய்தியாளரை எந்த அரசும் ஏற்கும். அந்த வீரர்கள் எந்த விடுதலைக்காக உயிர்துறந்தனர் என்று தன் அரசையே கேட்கத் துணிபவரே முழுமையான சாட்சி என்பதை அவருடைய வாழ்வு நிறுவுகிறது.